வெல்

பக்கவாதம் வந்த மறுநாள் காலை
யார்க்டன் ஆஸ்பத்திரியில்
ஓரெஸ்ட்டின் வாயில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது:
வெல்.

மனைவியின் பெயர் போயிருந்தது.
தண்ணீர் கொடு, வலிக்கிறது, ஜன்னலைச் சாத்து,
அறுபத்தெட்டு வருஷத்து வசவுகள்,
அம்மாவிடம் கற்ற உக்ரைன் ஜெபங்கள்
எல்லாம் போய்
இது மட்டும் கிடந்தது,
வெள்ளம் வடிந்த தெருவில்
எவனோ விட்டுப்போன ஒற்றை பூட்ஸ் மாதிரி.

முப்பத்தொன்பது வருஷம் கிணறு போட்டவர்.
இறங்கிக் குளிக்கிற கிணறு அல்ல.
கனடாவின் சமவெளியில், கோதுமைத் தாளுக்கு நடுவே
லாரியை நிறுத்தி, துரப்பணம் இறக்கி,
சாண் அகலத் துளையில்
முந்நூறு அடிக்குக் கீழே தண்ணீரை விசாரிக்கிற கிணறு.
நாம் போர்வெல் என்கிறோமே, அதன் பின்பாதி.
தொழில்தான் நாக்கில் தங்கிவிட்டது என்றார்கள் நண்பர்கள்.
லெனோர் நம்பவில்லை.
வீட்டில் அவர் தொழில் பேசியதே இல்லை.

நலமாய் இருப்பதற்கும் அங்கே வெல்.
செய்ததைச் செவ்வையாய்ச் செய்திருந்தால் வெல்.
பதில் தெரியாதபோது நேரம் கடத்த வெல்.
சரி, கிளம்பலாம் என்று தொடையைத் தட்டி எழ வெல்.
கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வருவதற்கும்,
ஆம், அதற்கும்.
தமிழெழுத்தில் வைத்தால்
ஜெயித்து வா என்கிற கட்டளை.
அதை அவரிடம் சொல்ல
நானூறு மைலுக்கு ஆளில்லை.

இப்போது அதே சொல்லில் பசி, கோபம், டிவியில் ஹாக்கி.
விதைக் கூட்டுறவுக் காலண்டரின் பின்பக்கத்தில்
லெனோர் குறித்துவந்தாள்:
மேலே ஏறினால், காபி.
கீழே இறங்கினால், போதும்.
இழுத்தால், வாசலில் யார்?
இரண்டு தரம், சட்டென்று, மூத்திரம்.
பதினேழாவது வரியில்
ஏறாது, இறங்காது என்று எழுதி
எதிரே கேள்விக்குறி மட்டும்.
அவருடைய குறிப்பேடுகளும் இப்படித்தான் இருக்கும்:
பன்னிரண்டு அடி மஞ்சள் களி,
நாற்பது அடி நீலக் களி,
மணல், சரளை.
துளை ஒன்றுதான்.

பக்கத்துப் பண்ணை டெல்மர்
லாரியை விலைக்குக் கேட்டு வந்தான்.
வெல், என்றார் ஓரெஸ்ட்.
சம்மதம் என்று கைகுலுக்க எழுந்தவனிடம்
தொப்பியை எடுத்து நீட்டினாள் லெனோர்:
"உன்னை வெளியே போகச் சொல்கிறார்."

வியாழக்கிழமைகளில் பேச்சுப் பயிற்சிக்கு மிரெல் வருவாள்,
கையில் படச்சீட்டுக் கட்டோடு.
கரண்டி. வெல்.
நாய். வெல்.
தேவாலயம். வெல்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கல் குறி,
மனசு நோகாமல், பென்சிலால்.
பிறகு வந்தது அந்தச் சீட்டு:
வட்டச் சுவர், ஓட்டுக் கூரை, கயிற்றில் வாளி,
கதைப்புத்தகத்துக் கிணறு.
மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.
குழாய் இல்லை. பம்பு இல்லை.
மாட்டுக் கொட்டகை எத்தனை அடியில் என்று
ஒருவனும் அளக்கவில்லை.
எந்த மடையன் இதில் தண்ணீர் குடிப்பான்?
தலையை இடமும் வலமும் ஆட்டி
"வெல்" என்றார், அருவருப்போடு.
இதெல்லாம் கிணறே இல்லை என்று அர்த்தம்.
மிரெல் கைதட்டினாள்.
முதல் சரி போட்டாள்.
பத்து வாரத்தில் முதல்முறையாக லெனோர் சிரித்தாள்,
அவரும், வாயின் ஒரு பாதியால்.

அன்றிரவு வினிபெக்கிலிருந்து தங்கை போன் செய்தாள்.
அவர் எப்படி? நீ எப்படி?
"வெல்..." என்று தொடங்கினாள் லெனோர்.
அதற்கப்பால் ஒன்றும் வரவில்லை.
போனின் சுருள் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.
கீழறையில் பம்பு உறுமி எழுந்தது.
அவர் போட்டதுதான். தண்ணீரில் இரும்பு வாடை,
பீங்கானெல்லாம் துருக்கறை.
நாற்காலியிலிருந்து மெல்லத் தலை திருப்பி
ஓரெஸ்ட் சொன்னார்,
ஏறாமல், இறங்காமல்.

என்னவாம், என்றாள் தங்கை.

"கூப்பிடுகிறார்" என்று
போனை வைத்தாள் லெனோர்.